மதில் ஏன் அங்கே நிற்கிறது? பேஸ்பால் மைதானங்களைப் பார்ப்பதும் ஒப்பிடுவதும்

பேஸ்பால் மைதானத்தின் உள்பாதி அங்குல சுத்தமாக விதிப்புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ரன் எடுக்க ஓடுபவர் தொட வேண்டிய நான்கு இடங்களே பேஸ்கள். ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி. பந்தை எறியும் பிட்சர் மிதித்து நிற்கும் ரப்பர் பட்டையிலிருந்து, பேட்டர் நிற்கும் இடத்திலுள்ள ஹோம் பிளேட்டின் பின்முனை வரை 60 அடி 6 அங்குலம். பிட்சரின் மேடு 10 அங்குல உயரம். அது 1968 வரை 15 அங்குலமாக இருந்தது. பேட்டர்கள் ரன் எடுக்கவே திணறியதால் அடுத்த ஆண்டு குறைத்தார்கள். பாஸ்டனில் அளந்தாலும் சான் டியேகோவில் அளந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

வெளிப்பாதிக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. மதில் எவ்வளவு தூரத்தில், என்ன உயரத்தில், எந்த வளைவில் நிற்க வேண்டும் என்பதை ஊரும் நிலமும்தான் முடிவு செய்தன. கிரிக்கெட்டிலும் எல்லைக்கோடு ஊருக்கு ஊர் மாறும். ஆனால் அங்கே கயிற்றை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. பேஸ்பாலில் எல்லை என்பது கட்டடத்தின் சுவர். தெரு குறுக்கிட்டாலோ, ரயில்பாதை வந்தாலோ, கடல் நெருங்கினாலோ அதற்கு முன்னால் சுவர் நின்றுவிடும். 1958 ஜூன் 1-க்குப் பிறகு கட்டும் மைதானங்களுக்கு ஃபவுல் கோட்டோரம் (ஹோம் பிளேட்டிலிருந்து இருபுறமும் ஓடும் பக்க எல்லைக்கோடு) 325 அடி, நடுவில் 400 அடி என்று குறைந்தபட்ச அளவு வைத்தார்கள். அதற்கும் விலக்கு வாங்கிக் கட்டிய இடங்கள் இருக்கின்றன.

அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீகில் 30 அணிகள். 29 அமெரிக்காவில், ஒன்று டொராண்டோவில். எல்லா மைதானங்களையும் பார்த்து முடிப்பதை வாழ்நாள் லட்சியமாக வைத்திருக்கும் ரசிகர்கள் ஏராளம். அவர்கள் போடும் தரவரிசைகளில் பெரும்பாலும் சாப்பாடு, திரை, கடை, கழிப்பறை என்று தனித்தனி மதிப்பெண் இருக்கும். அந்த முறை ஒரு வணிக வளாகத்தை மதிப்பிடவும் பொருந்தும், மைதானத்துக்குப் போதாது. இந்த மதில் ஏன் இங்கே நிற்கிறது, அதனால் ஆட்டம் எப்படி மாறுகிறது, எந்த இருக்கையில் உட்கார்ந்தால் அது கண்ணுக்குத் தெரியும் என்ற மூன்று கேள்விகளோடு நுழைவதுதான் சரியான ஒப்பீடு.

ஒரே பந்தை வைத்துப் பார்ப்போம். வலது ஃபவுல் கோட்டை ஒட்டி 330 அடி பறக்கும் ஒரு பந்து. நியூயார்க் யாங்கீ ஸ்டேடியத்தில் அந்த மூலை 314 அடிதான், சுவரும் 8 அடி உயரம்தான். ஆகவே அது ஹோம் ரன், அதாவது கிரிக்கெட் சிக்ஸரைப் போல எல்லையைத் தாண்டிய அடி. பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் அந்த மூலையின் ஃபவுல் கம்பம் 302 அடியில் நிற்கிறது, சுவர் இடுப்பளவு. அங்கும் ஹோம் ரன். ஆனால் கம்பத்திலிருந்து சற்றே உள்ளே வந்தால் அதே சுவர் 380 அடி வரை விலகி ஓடிவிடும். சான் ஃபிரான்சிஸ்கோவில் மூலை 309 அடி, சுவர் 24 அடி. பந்து சுவரில் மோதித் திரும்பும். பிட்ஸ்பர்கில் 320 அடி, சுவர் 21 அடி. அங்கேயும் மோதல்தான். சிகாகோ ரிக்ளி ஃபீல்டில் அந்த மூலை 353 அடி என்பதால் ஃபீல்டர் நின்ற இடத்தில் கையை நீட்டிப் பிடித்துவிடுவார். பந்து ஒன்றுதான். இரண்டு ஊரில் ஹோம் ரன், இரண்டு ஊரில் சுவரடி, ஓர் ஊரில் அவுட்.

பாஸ்டனின் பச்சை மதில்

1912 ஏப்ரல் 20 அன்று திறந்த ஃபென்வே பார்க்தான் இன்று ஆடப்படும் மேஜர் லீக் மைதானங்களில் மூத்தது. இடது பக்கம் லான்ஸ்டவுன் தெரு. அதைத் தாண்டி விரிக்க இடமில்லை. தூரத்தில் கிடைக்காததை உயரத்தில் எடுத்தார்கள்: 37 அடி 2 அங்குலச் சுவர், ஹோம் பிளேட்டிலிருந்து 310 அடியில். தொடக்கத்தில் மரச்சுவர், 1934-இல் உயர்த்திக் கட்டினார்கள், 1947-இல் விளம்பரங்களை நீக்கிப் பச்சை அடித்த பிறகுதான் 'கிரீன் மான்ஸ்டர்' என்ற பெயர் பொருந்தியது. சுவரின் உச்சியில் இருக்கைகள் வந்தது 2003-இல்.

இந்தச் சுவர் இரு திசையிலும் வேலை செய்கிறது. மற்ற ஊர்களில் சாதாரண கேட்ச் ஆகியிருக்கும் உயரமான பந்து இங்கே சுவரைத் தாண்டி விழும். மற்ற ஊர்களில் தாழப் பறந்து ஹோம் ரன் ஆகியிருக்கும் பலமான அடி இங்கே சுவரில் அறைந்து, சில நேரம் ஒரே பேஸோடு நின்றுவிடும். சுவரில் மோதித் திரும்பும் பந்தை எந்தக் கோணத்தில் எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிந்த இடது ஃபீல்டர் அந்த அணிக்குப் பெரிய சொத்து. சுவரின் அடியில் இன்னும் கையால் எண் மாற்றும் ஸ்கோர்போர்டு இருக்கிறது. அதன் செங்குத்து வெள்ளைக் கோடுகளைக் கூர்ந்து பார்த்தால் புள்ளியும் சிறு கோடுமாக மோர்ஸ் குறியீடு தெரியும். பாஸ்டன் அணிக்கு நீண்ட காலம் உரிமையாளர்களாக இருந்த டாம் யாக்கி, ஜீன் யாக்கி தம்பதியின் பெயர் முதலெழுத்துகள் அவை. தொலைக்காட்சியில் பிடிபடாத இந்த நுணுக்கத்தை ஆட்டம் தொடங்குமுன் சுவரருகே போய்ப் பார்த்துவிடுவது நல்லது. வலது பக்க பிளீச்சர் (வெளிச்சுவருக்குப் பின்னாலுள்ள திறந்தவெளி) இருக்கைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பாக இருக்கும்: பிரிவு 42, வரிசை 37, இருக்கை 21. 1946 ஜூன் 9 அன்று பாஸ்டன் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து வந்து விழுந்த இடம். தூரம் 502 அடி என்று பதிவாகியிருக்கிறது.

ஃபென்வேயில் ஏமாறுவதும் எளிது. கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள் கிராண்ட்ஸ்டாண்டுக்கு நடுவே நிற்கின்றன. தூணுக்கு நேர் பின்னால் இருக்கை கிடைத்தால் பிட்சரோ பேட்டரோ, ஒருவர் ஆட்டம் முழுக்கத் தெரியமாட்டார். வலது மூலையில் பழைய இருக்கைகள் பல ஹோம் பிளேட்டைப் பார்க்காமல் நேராக அவுட்ஃபீல்டை (மைதானத்தின் வெளிப்பாதியை) பார்க்கும்படி பொருத்தப்பட்டவை. மூன்று மணி நேரம் கழுத்தைத் திருப்பியே உட்கார வேண்டும். டிக்கெட் வாங்கும் பக்கத்தில் 'பார்வை மறைப்பு' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பு இல்லாவிட்டாலும் அந்த இருக்கையிலிருந்து யாராவது எடுத்துப் போட்ட படம் இருக்கிறதா என்று தேடிவிட்டு வாங்குங்கள்.

இருந்தாலும் அந்தத் தூண்களைத் திட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூண் இருந்தால் மேல் அடுக்கைக் கீழ் அடுக்கின் தலைக்கு மேலேயே கட்டலாம், மேலே இருப்பவரும் ஆட்டத்துக்கு அருகில் இருப்பார். தூணே இல்லாமல் எல்லாருக்கும் தடையற்ற பார்வை வேண்டும் என்றால் மேல் அடுக்கைப் பின்னால் தள்ளித்தான் ஆக வேண்டும். நடுவே நிறுவனங்களுக்கான சொகுசு அறைகளை இரண்டு வளையமாகச் செருகினால் அது இன்னும் மேலே போய்விடும். பழைய மைதானத்தில் சில நூறு பேர் தூணுக்குப் பின்னால் கஷ்டப்பட்டார்கள். புதியதில் மேல் அடுக்கில் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் அத்தனை பேரும் தள்ளி உட்காருகிறார்கள். எது மேல் என்று கேட்டால், தூணே மேல். மலிவு டிக்கெட்காரருக்கு அதுதான் நியாயம் செய்தது.

ஒரே ரயிலில் இரண்டு மைதானங்கள்

இந்த வேறுபாட்டை ஒரே நாளில் பார்க்க சிகாகோவைவிட நல்ல ஊர் இல்லை. ரெட் லைன் ரயிலில் வடக்கே ஆடிசன் நிலையத்தில் இறங்கினால் ரிக்ளி ஃபீல்ட். தெற்கே சாக்ஸ்-35 நிலையத்தில் இறங்கினால் ஒயிட் சாக்ஸ் அணியின் ரேட் ஃபீல்ட்.

1991-இல் திறந்த தெற்கு மைதானத்தில் தூண்கள் இல்லை. ஆனால் மேல் அடுக்கு மிக உயரமாகவும் செங்குத்தாகவும் போனதால் ரசிகர்கள் ஏற அஞ்சினார்கள். 2004 வாக்கில் அதன் மேல் எட்டு வரிசைகளையே வெட்டி எடுத்தார்கள். ஏறத்தாழ 6,600 இருக்கைகள் போயின. தெருவுக்கு எதிர்ப்புற வண்டி நிறுத்துமிடத்தில், இடிக்கப்பட்ட பழைய காமிஸ்கி பார்க்கின் ஹோம் பிளேட் இருந்த இடத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அங்கே நின்று புதிய கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தால் அது எவ்வளவு பருத்துவிட்டது என்பது விளங்கும்.

ரிக்ளி ஃபீல்டில் ஆட்டத்தை ஆள்வது காற்று. 1914-இல் கட்டிய இந்த மைதானத்திலிருந்து மிச்சிகன் ஏரி நடைதூரம்தான். மைதானம் வடகிழக்கைப் பார்த்திருக்கிறது. வசந்தத்தில் ஏரியிலிருந்து வரும் குளிர்காற்று உள்நோக்கி வீசும். நன்றாக அடித்த பந்தும் சுவரருகே வந்து செத்து விழும். கோடையில் தென்மேற்குக் காற்று வெளிநோக்கி வீசும். சாதாரண அடியும் சுவரைத் தாண்டும். 1979 மே 17 அன்று காற்று வெளிநோக்கி வீசிய ஒரு பகலில் பிலடெல்பியா அணி 23–22 என்று 10 இன்னிங்ஸில் வென்றது இங்கேதான். உள்ளே போனதும் முதலில் பார்க்க வேண்டியது நடு அவுட்ஃபீல்டுக்கு மேலே இருக்கும் பழைய ஸ்கோர்போர்டின் உச்சிக் கொடிகளை. அவை எந்தப் பக்கம் பறக்கின்றன என்பதிலேயே அன்றைய ஆட்டத்தின் பாதி கதை இருக்கும்.

செங்கல் சுவரை மூடியிருக்கும் படர்கொடிச் செடி 1937-இல் நட்டது. ஏப்ரலில் போனால் காய்ந்த குச்சிகள்தான் தெரியும். பச்சையாகப் பார்க்க ஜூன் வரை பொறுக்க வேண்டும். பந்து கொடிக்குள் சிக்கினால் ஃபீல்டர் இரு கைகளையும் உயர்த்திவிட வேண்டும். நடுவர் பேட்டருக்கு இரண்டு பேஸ் கொடுப்பார். கையை உயர்த்தாமல் இலைகளுக்குள் துழாவ ஆரம்பித்தால் பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது, பேட்டர் ஓடிக்கொண்டே இருக்கலாம். எதிரணியின் புது ஃபீல்டர்கள் இதில் தடுமாறுவதைப் பார்க்க இடது அல்லது வலது பிளீச்சரைவிட நல்ல இடமில்லை.

வட்ட வளையங்களும் அதற்குப் பின்பும்

1960-களிலும் 70-களிலும் நகரங்கள் பேஸ்பாலுக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் சேர்த்து ஒரே வட்ட வடிவ ஸ்டேடியம் கட்டின: செயின்ட் லூயிஸ் 1966, சின்சினாட்டியும் பிட்ஸ்பர்கும் 1970, பிலடெல்பியா 1971. வட்டத்துக்குள் பேஸ்பாலின் விசிறி வடிவம் பொருந்தாது. அதனால் ஃபவுல் பகுதி அகன்றது, இருக்கைகள் விலகின, எல்லா ஊர் சுவரும் ஒரே தூரத்தில் நின்றது. நான்கும் 2001-க்கும் 2005-க்கும் இடையில் இடிக்கப்பட்டுவிட்டன.

அதே காலத்தில் ஹூஸ்டனில் கட்டிய ஆஸ்ட்ரோடோம் இன்னொரு பாடம். 1965-இல் திறந்த அந்த முதல் மூடிய மைதானத்தில் புல் வளர்வதற்காகக் கூரையில் ஒளி ஊடுருவும் பலகைகள் வைத்தார்கள். அந்தக் கண்கூச்சத்தில் உயரே போன பந்து ஃபீல்டர்களுக்குத் தெரியவில்லை. பலகைகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. 1966-இல் செயற்கைப் புல் விரித்தார்கள். அதற்கு ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயரே அந்த மைதானத்தால் வந்தது.

திருப்பம் 1992-இல் பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸ். பேஸ்பாலுக்கு மட்டும், ஊருக்கு நடுவே, அங்கிருந்த பழைய ரயில்வே கிடங்கை இடிக்காமல். ஆயிரம் அடிக்கு மேல் நீளமுள்ள அந்தச் செங்கல் கிடங்கு வலது பக்கம் முழுவதையும் அடைத்து நிற்கிறது. கிடங்குக்கும் மைதானத்துக்கும் நடுவே ஓடும் யூடா தெருவில், ஹோம் ரன்கள் விழுந்த இடங்களில் பந்து வடிவ உலோகத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் பெயரும் தேதியும் தூரமும் இருக்கும். இடது சுவரின் கதையும் கவனிக்கத்தக்கது. ஹோம் ரன் மிகுதி என்று 2022-க்கு முன் அதைப் பின்னுக்குத் தள்ளி, 7 அடியிலிருந்து 13 அடியாக உயர்த்தினார்கள். வலக்கை பேட்டர்கள் வாடிப்போனார்கள். 2025-க்கு முன் பாதி தூரம் போல மீண்டும் உள்ளே கொண்டுவந்தார்கள்.

பிறகு வந்தவற்றில் நிலத்துக்கு அதிகம் செவிகொடுத்தவை இரண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆரக்கிள் பார்க்கை (2000) விரிகுடாத் தண்ணீருக்கு முட்டக் கட்டினார்கள். வலது சுவர் 309 அடியில் நிற்பது அதனால்தான். 24 அடி உயரம் அந்த அணியின் பழைய வீரர் வில்லி மேஸின் 24-ஆம் சட்டை எண்ணுக்காக. ஜூலையில் போனாலும் இரவு ஆட்டத்துக்குத் தடித்த ஜாக்கெட் தேவை. பிட்ஸ்பர்கின் பிஎன்சி பார்க்கில் (2001) வலது சுவரின் 21 அடி பிட்ஸ்பர்க் அணியின் பழைய வீரர் ராபர்டோ கிளெமெண்டேயின் சட்டை எண். அவர் பெயர் தாங்கிய பாலத்தை ஆட்ட நாளில் வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள். நகர மையத்திலிருந்து ஆற்றைக் கடந்து நடந்தே போகலாம். இரண்டே அடுக்கு என்பதால் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் மேல் அடுக்கில் மலிவான இருக்கை எடுத்தால் ஆற்றையும் மஞ்சள் பாலங்களையும் வானுயர் கட்டடங்களையும் ஒருசேரப் பார்க்கலாம். விலை உயர்ந்த கீழ் வரிசைகளில் அந்தக் காட்சி குறைவு.

டென்வரின் மெல்லிய காற்று

கூர்ஸ் ஃபீல்டின் மேல் அடுக்கில் 20-ஆவது வரிசை மட்டும் ஊதா நிறம். கடல் மட்டத்துக்கு மேலே சரியாக ஒரு மைல், 5,280 அடி. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. பந்துக்கு எதிர்ப்பு குறைவதால் தூரம் போகும். பிட்சர் கொடுக்கும் சுழலைக் காற்று பற்றாததால் வளைய வேண்டிய பந்து வளையாது. இதற்கு ஈடாகச் சுவர்களைத் தள்ளி வைத்தார்கள்: இடது 347, நடு 415, வலது 350 அடி. ஆனால் அகன்ற அவுட்ஃபீல்டில் மூன்று ஃபீல்டர்களுக்கு இடையே வெற்றிடம் பெருகி, பிடிபட வேண்டிய பந்துகளும் தரையில் விழுகின்றன. வறண்ட காற்றில் பந்து காய்ந்து துள்ளுவதைத் தடுக்க 2002 முதல் ஈரப்பத அறையில் பந்துகளை வைக்கிறார்கள். 2022 முதல் 30 மைதானங்களிலும் அந்த அறை உண்டு.

ஒரு மைதானம் பேட்டர்களுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதை நீங்களே கணக்கிடலாம். ஓர் அணியின் 81 சொந்த ஊர் ஆட்டங்களில் இரு தரப்பும் எடுத்த மொத்த ரன்களை ஆட்ட எண்ணிக்கையால் வகுங்கள். வெளியூர் ஆட்டங்கள் 81-க்கும் அப்படியே. முதலாவதை இரண்டாவதால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். உதாரணத்துக்கு உள்ளூரில் ஆட்டத்துக்கு 11 ரன், வெளியூரில் 9 ரன் என்றால் 122 வரும். 100 என்றால் நடுநிலை. அணி ஒன்றே என்பதால் அதன் பலம், பலவீனம் இரு பக்கமும் கழிந்துவிடும். ஓராண்டுக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. மூன்றாண்டுச் சராசரி எடுங்கள். வலக்கை, இடக்கை பேட்டர்களுக்குத் தனித்தனியாகப் பார்த்தால்தான் ஃபென்வே, யாங்கீ போன்ற கோணல் மைதானங்களின் குணம் வெளிப்படும்.

போவதற்கு முன்

இருக்கைக்கு வெயில்தான் முதல் கணக்கு. ஹோம் பிளேட்டிலிருந்து நடு அவுட்ஃபீல்டுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்று விதிப்புத்தகம் சொல்கிறது. பிற்பகல் வெயில் பேட்டரின் கண்ணில் விழாமலிருக்கத்தான். அதனால் பெரும்பாலான மைதானங்களில் ஹோம் பிளேட்டுக்குப் பின்புறமும் மூன்றாம் பேஸ் பக்கமும் முதலில் நிழலுக்கு வரும். முதல் பேஸ் பக்கமும் வலது அவுட்ஃபீல்டும் வெயிலில் காயும். பிட்ஸ்பர்க், டெட்ராய்ட் போலத் தென்கிழக்காகத் திரும்பியவற்றில் இந்த விதி பொருந்தாது. எனவே வரைபடத்தில் திசையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மேல் அடுக்கின் கடைசி சில வரிசைகளுக்கு மட்டும் பல இடங்களில் கூரை உண்டு.

2018 முதல் எல்லா மைதானங்களிலும் டக்அவுட்டின் (வீரர்கள் அமரும் இடத்தின்) கடைசி முனை வரையாவது பாதுகாப்பு வலை இருக்கிறது. பல இடங்களில் அதையும் தாண்டிப் போகிறது. வலை வழியே பார்க்கக் கண் பத்து நிமிடத்தில் பழகிவிடும். கேமராதான் வலையையே ஃபோகஸ் செய்யும். வலை முடியும் இடத்துக்கு அப்பால் கோட்டோரம் உட்கார்ந்தால், பிட்சர் எறியும்போது போனைப் பார்க்காதீர்கள். ஃபவுல் பந்து வந்து சேர ஒரு நொடிக்குச் சற்று அதிகம்தான் ஆகும்.

பயணத் திட்டத்தைக் கெடுப்பது மழை. நிறுத்தி வைத்து மணிக்கணக்கில் காத்திருந்து கடைசியில் தள்ளிப்போட்டால் வேறு நாள் ஆட்டத்துக்குத்தான் டிக்கெட் செல்லும், பொதுவாகப் பணம் திரும்பாது. மறுநாள் ஊர் மாறுகிறவருக்கு அது நஷ்டம். கூரை திறந்து மூடும் மைதானங்கள் ஏழு: டொராண்டோ, மில்வாக்கி, ஹூஸ்டன், ஆர்லிங்டன், ஃபீனிக்ஸ், மயாமி, சியாட்டில். நாள் மாற்றவே முடியாத பயணத்தில் இவற்றை நம்பலாம். திறந்த மைதானம் என்றால் ஒரே ஊரில் இரண்டு ஆட்ட நாள் ஒதுக்குங்கள்.

கார் இல்லாமல் அதிகம் பார்க்க வடகிழக்கு ரயில் தடம்தான் ஏற்றது: பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர், வாஷிங்டன். ஐந்து ஊர், ஆறு மைதானம். நியூயார்க்கின் இரண்டு அணிகளும் ஒரே நாளில் உள்ளூரில் ஆடுவது அரிது. அப்படிக் கிடைத்தால் பகல் ஆட்டம் யாங்கீ ஸ்டேடியத்தில் முடித்து, 4-ஆம் எண் ரயிலில் கிராண்ட் சென்ட்ரல் வந்து, 7-ஆம் எண்ணில் மெட்ஸ் அணியின் மைதான நிலையமான மெட்ஸ்-வில்லெட்ஸ் பாயிண்ட் போகலாம். 2023-இல் பிட்சர் எறிய நேர வரம்பு வைக்கும் பிட்ச் கடிகாரம் வந்தபின் ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடத்தில் முடிவதால் இது சாத்தியம். வாரநாளில் ஒரு தொடரின் கடைசி ஆட்டம் பெரும்பாலும் மதியம் நடக்கும், அணி அன்றே ஊர் கிளம்ப வேண்டும் என்பதால். மாலை ரயிலில் நீங்களும் அடுத்த ஊருக்குப் போய்விடலாம்.

டிக்கெட் எல்லாம் போனில்தான். பார்கோடு மாறிக்கொண்டே இருப்பதால் ஸ்கிரீன்ஷாட் பல இடங்களில் செல்லாது. சார்ஜும் இணையமும் இருக்கட்டும். பை அளவு விதி மைதானத்துக்கு மைதானம் மாறும். முதுகுப்பையோடு போய் வாசலில் திரும்பியவர்கள் நிறைய. சைவ உணவுக்காரர்களுக்கு வறுத்த வேர்க்கடலையும் பிரெட்சலும் எங்கும் கிடைக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவில் பூண்டு போட்ட உருளைக்கிழங்கு வறுவல் நன்றாக இருக்கும்.

கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். இருக்கைக்கு நேரே போகாமல் முழு வட்டமும் ஒருமுறை நடந்து, நடு அவுட்ஃபீல்டுக்குப் பின்னாலிருந்து ஹோம் பிளேட்டைப் பாருங்கள். அங்கே இருக்கையே இல்லாமல் கரும்பச்சையாக ஒரு பரப்பு விட்டிருப்பார்கள். வெள்ளைப் பந்து பிட்சரின் கையிலிருந்து கிளம்புவது பேட்டருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, விற்கக்கூடிய நல்ல இடத்தை விட்டுக்கொடுத்தது அது. ரிக்ளி ஃபீல்டில் ஆட்டம் முடிந்த உடனே ஓடிவிடாமல் ஐந்து நிமிடம் ஸ்கோர்போர்டைப் பார்த்து நில்லுங்கள். அங்கே ஆடும் கப்ஸ் அணி வென்றால் வெள்ளைக் கொடியில் நீல 'டபிள்யூ', தோற்றால் நீலக் கொடியில் வெள்ளை 'எல்' ஏறும். வேலை முடிந்து ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே முடிவைத் தெரிந்துகொள்வதற்காக ஆரம்பித்த வழக்கம். ஆடிசன் நிலையத்தைத் தாண்டும் ரயில்களில் இன்றும் தலைகள் அந்தப் பக்கம் திரும்பும்.